வெயில் படாத கறுப்பு

கிண்ணியாவில் ஒரு கதை புறப்பட்டால் அது பாலத்தைக் கடந்து திருகோணமலைக்குப் போய்விட்டு, மீன் லொறியில் ஏறித் திரும்பி வரும். வரும்போது பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாத அளவுக்கு வளர்ந்திருக்கும். அப்படி வளர்ந்த ஒரு கதை சுஹைராவின் அலங்காரக் கடைக்குள் வந்தது. புருவம் எடுக்க வந்திருந்த ஒரு டீச்சரம்மாதான் கதிரையில் சாய்ந்தபடி, கண்ணை மூடிக்கொண்டு அதைச் சொன்னார்.

ஊருக்குள் ஒரு வீட்டில், கலியாணத்துக்கென்று அறைக்குள் இருத்தி வைத்த குமர்ப்பிள்ளை கறுத்துக்கொண்டு போகிறாளாம். யன்னல் எல்லாம் அடைப்பு. வெயிலில் ஒரு துண்டுகூட உள்ளே போவதில்லை. ஆனாலும் ஒவ்வொரு நாளும் விடியும்போது நேற்றைவிடக் கறுப்பாக எழும்புகிறாளாம். சின்ன வயதில் வந்துபோன கொப்பளிப்பான் தழும்புகள், அவளே மறந்துபோனவை, ஒவ்வொன்றாக முகத்தில் திரும்பி வருகின்றனவாம். ஜின் பிடித்திருக்கிறது என்று, ஓதிப் பார்க்க லெப்பையைக் கூப்பிட்டார்களாம். அவர் ஓதத் தொடங்கினால் இவள் கொட்டாவி விடுகிறாளாம். ஒன்றிரண்டு அல்ல, கையைக் காலை நீட்டி முறித்து, வாய் கிழியக் கொட்டாவி. அந்த வீட்டுப் பூனையும் இப்போது வாசலோடு நின்றுவிடுகிறதாம்.

சுஹைரா நூலின் ஒரு நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்ததால் உடனே சிரிக்க முடியவில்லை. நூலை விட்டதும் சிரித்தாள். ஜின்னுக்கும் இப்போது நிறம் பார்க்கிற வியாதி வந்துவிட்டதா என்று கேட்டாள். டீச்சரம்மா சிரிக்கவில்லை. சில விசயங்களில் சிரிக்கக் கூடாது என்று மட்டும் சொல்லி, இடது புருவம் கொஞ்சம் மொத்தமாக இருக்கிறது, பாருங்கள் என்றார்.

அவர் போன பிறகு சுஹைரா யோசித்தாள். அவள் யோசித்தது ஜின்னைப் பற்றி அல்ல. ஊரில் ஒரு மணப்பெண் கறுக்கிறாள் என்றால், அந்த வீட்டுக்கு வெள்ளை தேவைப்படும். வெள்ளை தன்னிடம் இருக்கிறது. ஆகவே அந்த வீடு எது என்று கண்டுபிடிப்பது ஊருக்குச் செய்யும் உபகாரம். வியாபாரிகளுக்கு உபகார எண்ணம் எப்போதும் இந்த வழியாகத்தான் வரும்.

சுஹைரா கறுப்பு. இதை இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அவளைப் பற்றி ஊர் சொல்லும் முதல் வசனமும் அதுதான். பெண் பார்க்க வந்த மாமியார், “கறுப்பெண்டாலும் களை இரிக்கு” என்று சொல்லிச் சம்மதித்தார். அந்த ‘எண்டாலும்’ என்ற சொல்லோடு சுஹைரா பல வருசம் குடித்தனம் நடத்தினாள். புருசன் அஸீம் கத்தாருக்கு வாகனம் ஓட்டப் போனார். முதலில் மாதாமாதம் பணம் வந்தது. பிறகு அது பெருநாள் பிறை மாதிரி ஆகிவிட்டது. கண்டதாகச் சிலர் சொன்னார்கள், இவள் காணவில்லை. பிள்ளைகள் இல்லை. கல்முனையில் ஒரு குறுகிய கால வகுப்புக்குப் போய் மணப்பெண் அலங்காரம் படித்துவந்து, வீட்டின் முன்னறைக்குத் திரை போட்டுக் கடையாக்கினாள்.

கை நல்ல கை. கிண்ணியாவின் பாதி மணப்பெண்களைச் சில மணித்தியாலங்களுக்கு வெள்ளையாக்கியவள் அவள்தான். முகம் ஒரு நாட்டிலும் கழுத்து இன்னொரு நாட்டிலும் நிற்கிற மாதிரி மற்றவர்கள் பூசுவார்கள்; சுஹைரா பூசினால் இரண்டுக்கும் இடையில் எல்லைக்கோடே தெரியாது. ஆனால் தாய்மாருக்கு அது போதவில்லை. மறுநாள் குளித்ததும் போய்விடுகிறதே, கழுவினால் போகாத வெள்ளை ஒன்றும் இல்லையா என்று கேட்கத் தொடங்கினார்கள். கைத்தொலைபேசியில் யார் யாரோ ஊசி போட்டு வெள்ளையாகும் வீடியோக்களைக் கொண்டுவந்து காட்டினார்கள்.

அந்த நேரம் பார்த்து நிப்றாஸ் வந்தான். உப்புவெளிப் பக்கம் கடற்கரை விடுதிகளுக்குத் துவாய், சவர்க்காரம், வெயில் கிறீம் எல்லாம் கொண்டுபோய்க் கொடுக்கிறவன். உடம்பு வளர்க்கிற பொடியன்மாருக்கும் ஏதோ சத்து மா, மருந்து விற்பான். றப்பர் மூடி போட்ட, பெருவிரல் அளவு கண்ணாடிக் குப்பிகளை அவள் முன்னால் வைத்தான். அடியில் ஒரு சிட்டிகை வெள்ளைத் தூள். மேலே பேரும் இல்லை, ஊரும் இல்லை.

“பெப்டைட் ராத்தா. சின்னப் புரதம். ஒடம்புக்குத் தெரிஞ்ச சாமான்தான்.”

உடம்புக்குத் தெரிந்தது என்று அவன் சொன்னது அவளுக்குப் பிடித்திருந்தது. இதைச் சட்டப்படி விற்கலாமா என்றும் கேட்டாள். கேட்கவில்லை என்று யாரும் சொல்ல ஏலாது. மருந்து என்று எழுதினால்தானே மருந்து, பெட்டியைப் பாருங்கள், ‘ஆராய்ச்சிக்கு மட்டும்’ என்றுதானே அடித்திருக்கிறது என்றான் நிப்றாஸ். கிண்ணியாவில் அப்படி என்ன ஆராய்ச்சி நடக்கிறது என்று அவள் கேட்கவில்லை. மருமகள் தேடுகிற வீடுகளில் நடப்பதைவிடப் பெரிய ஆராய்ச்சி உலகத்தில் எங்கே நடக்கிறது?

முதல் பெட்டி சில வீடுகளுக்குப் போனது. வெள்ளையானார்களா என்றால், வெள்ளையானோம் என்று சொன்னார்கள். செலவழித்தவர்கள் வேறு என்ன சொல்வார்கள்? இரண்டாவது பெட்டியிலிருந்து ஒரு பங்கு சனூஸா வீட்டுக்குப் போனது; மிச்சம் கடையிலேயே இருந்தது. சனூஸாவின் மகள் ஷிஃபானாவுக்கு மூதூரில் மாப்பிள்ளை பேசி முடிந்திருந்தது. சனூஸா நீரிழிவுக்காரி, தனக்குத் தானே இன்சுலின் போடுகிறவர், ஆகவே ஊசி பிடிக்க யாரும் அவருக்குப் படிப்பிக்கத் தேவையில்லை. சுஹைரா குப்பிகளைக் கொடுத்து, தூளைக் கரைக்கும் விதத்தைக் காட்டி, வழக்கமான நாலு வார்த்தையும் சொல்லிவிட்டு வந்தாள். கொஞ்ச நாளில் இன்னும் குப்பி வேணும் என்று சனூஸாவிடமிருந்து செய்தி வந்தது. திரும்பக் கேட்டால் திருப்தி என்று அர்த்தம். அனுப்பி வைத்தாள்.

இப்போது அவள் அந்தக் கறுக்கிற வீட்டைத் தேடிப் புறப்பட்டாள். டீச்சரம்மாவுக்குக் கதை சொன்னது இடியப்பக்காரி. இடியப்பக்காரியிடம் கேட்டால், வீடு தெரியாது, ஒழுங்கை தெரியும், கடைசியில் ஒரு இலந்தை மரம் நிற்கும் என்றாள். சுஹைரா நடந்தாள். ஒழுங்கைக்குள் திரும்பும்போது கால் கொஞ்சம் மெதுவானது. இலந்தை மரம் தெரிந்தபோது நின்றுவிட்டது. அந்த மரத்தடியில்தான் போன மாதம் சனூஸாவின் கையில் அவள் குப்பிகளைக் கொடுத்தாள்.

கதவு நாலு விரல் அகலத்துக்குத் திறந்தது. சனூஸாவின் ஒரு கண் தெரிந்தது. ஆள் யாரென்று கண்டதும் கதவு முழுதாகத் திறந்து, அவளை உள்ளே இழுத்து, மறுபடி பூட்டிக்கொண்டது.

உள்ளே சாம்பிராணிப் புகை கலையாமல் நின்றது. சாலை என்கிற முன்கூடத்தில் இருந்த அலுமாரிக் கண்ணாடிக்குப் படுக்கை விரிப்பு போர்த்தியிருந்தார்கள். குசினிச் சுவரில் தொங்கிய சின்னக் கண்ணாடியும் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது. லெப்பை வந்து போனதைப் பற்றிச் சனூஸா முணுமுணுத்தார். ஓதினாலும் கொட்டாவி, ஓதாவிட்டாலும் கொட்டாவி, இது தனக்குப் பிடிபடுகிற விசயம் இல்லை, டொக்டரிடம் காட்டுங்கள் என்று அந்த மனிசன் சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். அவருக்கும் பயம் பிடித்துவிட்டது என்றார் சனூஸா.

அறைக்குள் ஷிஃபானா கட்டிலில் இருந்தாள். பகல்தான், ஆனால் அந்த அறைக்குள் பகல் வரவில்லை. சுஹைராவுக்குக் கண் பழக நேரம் எடுத்தது. பழகியபோது, பழகியிருக்க வேண்டாம் என்று தோன்றியது. கறுப்பு என்றால் அவளுக்குப் பயம் இல்லை. தினமும் தன் முகத்தைக் கழுவுகிறவள்தானே. இது வேறு. இந்தக் கறுப்பு வெளியே இருந்து வந்து படிந்ததாக இல்லை. உள்ளே இருந்து யாரோ மை ஊற்றுகிற மாதிரி இருந்தது. உதட்டோரம் கறுத்திருந்தது. விரல் மடிப்புகளில் கோடு கோடாகக் கறுப்பு. கன்னம் முழுதும் புள்ளிகள். கொப்பளிப்பான் வந்த ஏழு வயதுப் பிள்ளை ஒன்று அந்த முகத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்து மெல்ல எட்டிப் பார்க்கிற மாதிரி இருந்தது. முழங்கையில் எப்போதோ சுடுதண்ணீர் கொட்டிய அடையாளமும் நேற்று வந்ததுபோல் எழும்பியிருந்தது.

ஷிஃபானா கொட்டாவி விட்டாள். இரண்டு கையையும் மேலே நீட்டி, முதுகை வில்லாக வளைத்து, தாடை கழன்றுவிடுமோ என்று பார்க்கிறவர் பயப்படும்படி விட்டாள். அவள் கண்ணில் நித்திரை இல்லை. கண் தெளிவாக, விழித்தபடி, சுஹைராவையே பார்த்துக்கொண்டிருந்தது. வாய் மட்டும் வேறு யாருடையதோ.

“ராத்தா,” என்றாள் வாய் மூடியதும், “இது எப்ப முடியும்?”

சுஹைரா அவள் கழுத்தைப் பார்த்தாள். காதுக்குக் கீழே, கழுத்தில் ஒரு மச்சம் இருந்தது. கலியாணப் பேச்சு நடந்தபோது பவுடரால் மறைக்கலாம் என்று அவளே பார்த்துவைத்த மச்சம். அப்போது ஒரு மிளகு அளவு. இப்போது அது பரந்து, ஓரம் கிழிந்த துணிபோல் ஒழுங்கில்லாமல், ஒரு பக்கம் நீலம் பாய்ந்து இருந்தது.

அறைக்கு வெளியே வந்ததும் சனூஸா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இன்னம் ரெண்டு குப்பி எடுத்துத் தாங்க தங்கச்சி. உள்ள இரிக்கிற கறுப்பு வெளிய வந்தாத்தான் வெள்ளை வரும் எண்டு நீங்கதானே சொன்னீங்க. அதான் நாங்க கூட்டிப் போட்டோம். கறுக்கக் கறுக்கக் கூட்டினம்.”

சொன்னது உண்மைதான். அலங்காரத் தொழிலில் எல்லாரும் சொல்கிற வசனம் அது. முகத்தில் கிறீம் போட்டுப் பரு வந்தால், அழுக்கு வெளியே வருகிறது என்பார்கள். சுஹைராவும் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறாள். யாராவது அதை வைத்து ஊசியின் அளவைக் கூட்டுவார்கள் என்று அவள் நினைக்கவில்லை. ஊசி போட்ட கையோடுதான் கொட்டாவி தொடங்குகிறதா என்று கேட்டாள். சனூஸா யோசித்து, ஓம், காலையில் போட்டால் கொஞ்ச நேரத்தில் தொடங்கும், வயிற்றைப் பிரட்டிச் சத்தியும் வரும், முகமும் சிவக்கும் என்றார். லெப்பை வருவதும் காலையில்தான், ஆகவே அவர் ஓதியதில்தான் உள்ளே இருப்பது குழம்புகிறது என்று நினைத்தார்களாம்.

சுஹைரா அடுத்த பஸ்ஸில் உப்புவெளிக்குப் போனாள்.

நிப்றாஸ் முதலில் சிரித்தான். பிறகு குப்பியின் மூடி என்ன நிறம் என்று கேட்டான். நீலம் என்றாள். அவன் முகத்திலிருந்து சிரிப்பு வடிந்தது. கடற்கரையில் வெள்ளைக்காரருக்கு அவன் விற்பது வேறு சாமான். சீக்கிரம் கறுக்கப் போடுகிற ஊசி. அந்தச் சனத்துக்குக் கறுப்பு வேணும், இந்தச் சனத்துக்கு வெள்ளை வேணும், நடுவில் நிப்றாஸ் இரண்டு பக்கத்தையும் சந்தோசப்படுத்திக்கொண்டிருந்தான். வெள்ளை மூடி கறுக்க, நீல மூடி வெளுக்க. எழுத்து ஒன்றும் இல்லாத குப்பிகளில் அவனுக்கு இருந்த ஒரே அடையாளம் அதுதான். இந்த முறை அனுப்பியவன் மூடியை மாற்றிவிட்டான் போல. கறுக்கவேயில்லை என்று ஒரு வெள்ளைக்காரர் இரண்டு தரம் வந்து சண்டை பிடித்தது இப்போதுதான் அவனுக்கு விளங்கியது. அந்த ஆள் தூரத்தில் கடற்கரை மணலில் மல்லாந்து கிடந்தார், இறால் மாதிரிச் சிவந்து, தோல் உரிந்து, ஊசியை நம்பியபடி.

“அதுக்குள்ள என்னதான் இரிக்கு?” என்று சுஹைரா கேட்டாள்.

“எனக்கென்ன தெரியும் ராத்தா. அனுப்புறவனுக்கும் தெரியுமோ தெரியா.”

பிறகு அவன் குரலைத் தாழ்த்தினான். வாய் திறந்தால் முதலில் போவது உங்கள் கடை, ஊசியைக் கையில் கொடுத்தது நீங்கள்தான், ஜின் என்று ஊரே நம்பியிருக்கிறது, அப்படியே விட்டுவிடுங்கள், ஊசியை நிறுத்தினால் தானாகக் குறைந்துவிடும் என்றான். கடை போனால் அவளுக்குச் சோறு இல்லை, அதை அவன் சொல்லத் தேவையில்லை. ஆனால் அந்தக் கழுத்து மச்சம் தானாகக் குறையுமா என்று அவள் கேட்டபோது அவன் கடலைப் பார்த்தான்.

திரும்பி வரும் பஸ்ஸில், பக்கத்தில் இருந்த மனுசி கொட்டாவி விட்டாள். அதைப் பார்த்து முன்சீட்டுக்காரர் விட்டார். பிறகு கொண்டக்டர். பாலத்தில் ஏறும்போது பஸ்ஸில் பாதிப் பேர் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்கள். சுஹைரா பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். தொண்டைக்குள் ஒன்று எழும்பிக்கொண்டே வந்தது. பாலத்தின் நடுவில், அவள் விடாமல் பிடித்துவைத்திருந்த வாய் தானாகத் திறந்தது. 

அவள் தன் வீட்டுக்குப் போகவில்லை. நேரே இலந்தை மரத்தடிக்குப் போனாள்.

சனூஸாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ஜின் இல்லை, குப்பி. வெளுக்கிற குப்பி அல்ல, கறுக்கிற குப்பி. நாளைக்கே டொக்டரிடம் போக வேண்டும், நானும் வருகிறேன், என்ன கொடுத்தேன் என்று நானே சொல்கிறேன் என்றாள். சனூஸா கத்துவார், அடிப்பார் என்று எதிர்பார்த்திருந்தாள். அவர் எழும்பிப் போய், கண்ணாடியில் நழுவியிருந்த விரிப்பை இழுத்துச் சரிசெய்தார்.

“ஜின்னெண்டா மூதூர் மாப்பிள்ள வீட்டுக்குச் சொல்லலாம்,” என்றார். “ஊசியெண்டா என்னத்தச் சொல்ல?”

திருகோணமலையில் தோல் டொக்டர் ஒரு அம்மா. முகத்தை மூடியிருந்த துணியை ஷிஃபானா எடுத்ததும் அவர் திடுக்கிடவில்லை. ஆனால் பேனையைக் கீழே வைத்தார். என்ன சாப்பிட்டனீங்கள், என்ன பூசினனீங்கள், என்ன மருந்து எடுத்தனீங்கள் என்று கேட்டார். சனூஸா ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை என்றார். சுஹைரா கைப்பைக்குள் இருந்து மிச்சமிருந்த குப்பியை எடுத்து மேசையில் வைத்தாள். மேசைக் கண்ணாடியில் அது டிக்கென்று தட்டியது.

“நான்தான் குடுத்தன்,” என்றாள்.

டொக்டர் குப்பியை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். பிறகு, யாரையும் ஏசாமல், ஊசி மாதிரியே நேராகப் பேசினார். தோல் தன் கறுப்பைத் தானே கூட்டிச் சுரக்கும்படி ஏவிவிடுகிற பெப்டைட் ஒன்று இருக்கிறது, இது அதுவாக இருக்கலாம்; கொட்டாவி, சத்தி, எழும்பி வந்த தழும்புகள் எல்லாம் அதற்குப் பொருந்துகின்றன. மச்சங்களும் அதனால் மாறும். மாறிய மச்சம் வெறும் மாற்றமா, வேறு ஏதாவதா என்று வெட்டியெடுத்துப் பார்க்காமல் சொல்ல ஏலாது. இந்தக் குப்பியைப் பார்க்காவிட்டால் நான் வேறு வியாதிகளைத் தேடிக்கொண்டு மாதக்கணக்கில் திரிந்திருப்பேன் என்றார்.

சனூஸா அப்போதுதான் ஒரு கேள்வி கேட்டார். தானும் எத்தனையோ வருசமாக ஊசி போடுகிறாரே, இன்சுலினும் அந்த ஜாதிதான் என்கிறார்களே, அது மட்டும் எப்படிச் சரி?

“அதே ஜாதிதான் அம்மா,” என்றார் டொக்டர். “ஆனால் உங்கட இன்சுலினை எவன் செய்தான், எவ்வளவு போட்டான், எந்தக் குளிரில கொண்டுவந்தான் எண்டு கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்கு. இதுக்கு ஆர் இருக்கினம்?”

இந்த நாட்டில் மருந்தாகப் பதிவு செய்யாத ஒன்றைக் கொண்டுவரவும் ஏலாது, விற்கவும் ஏலாது. ஆராய்ச்சிக்கு என்று பெட்டியில் அடித்துவிட்டால் சட்டத்தின் கண் குருடாகிவிடாது என்றார். தோலை வெளுக்க என்று எந்த ஊசிக்கும் தனக்குத் தெரிய அனுமதி இல்லை, ஆகவே மூடி மாறாமல் சரியான குப்பி வந்திருந்தாலும் கதை இதேதான் என்றார். மருந்துகளைக் கவனிக்கிற அதிகாரசபைக்குத் தான் அறிவிக்க வேண்டும், யாராவது வந்து சுஹைராவிடம் விசாரிப்பார்கள், மறைக்க வேண்டாம் என்றும் சொன்னார்.

வந்தார்கள். கடையில் மிச்சமிருந்த பெட்டியை எடுத்தார்கள், வாக்குமூலம் எழுதினார்கள், வழக்கு வரலாம் என்றார்கள். நிப்றாஸின் தொலைபேசி அன்றிலிருந்து எடுபடவில்லை. சுஹைராவின் கடை சில வாரம் பூட்டிக் கிடந்தது. திறந்தபோது யாரும் வரமாட்டார்கள் என்றுதான் நினைத்தாள். வந்தார்கள். திரையை விலக்கி, பக்கத்தில் ஆள் இல்லை என்று பார்த்துவிட்டு, ஒரு தாய் கேட்டார்: அந்த நீல மூடி வேணாம் தங்கச்சி, சரியான மூடி எங்கேயாவது கிடைக்குமா? சுஹைரா இல்லை என்று தலையாட்டினாள். பக்கத்தில் இருந்த மகளுக்குப் பதினாறு வயது இருக்கும். அந்தப் பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு அவள் கடையைத் திரும்பவும் நேரத்தோடு பூட்டினாள்.

மூதூர்க்காரரிடம் சனூஸா என்ன சொன்னார் என்பது ஊருக்குத் தெரியாது. கலியாணம் நோன்புக்குப் பிறகு என்று தள்ளிப்போனது மட்டும் தெரியும். ஜின் கதை கிண்ணியாவை விட்டுக் கட்டைபறிச்சான் பக்கம் போய்விட்டது. அங்கே இப்போது அந்தப் பெண் இரவில் பூனையாக மாறுகிறாளாம்.

கழுத்து மச்சத்தை வெட்டியெடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார்கள். பதில் வரும்வரைக்கும் சுஹைரா சரியாகச் சாப்பிடவில்லை. புற்று இல்லை என்று பதில் வந்தது. ஆனால் மற்ற மச்சங்களைத் தவணைக்குத் தவணை காட்ட வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

பதில் வந்த கிழமையே சுஹைரா சனூஸா வீட்டுக்குப் போனாள். வாங்கிய பணத்தை ஏற்கெனவே திருப்பிக் கொடுத்திருந்தாள். ஆனால் ஒருவருக்குச் செய்த தீங்கு பணத்தோடு தீராது. செய்தவர் நேரில் போய் நின்று, ஹலாலாக்கித் தாருங்கள் என்று கேட்க வேண்டும், பட்டவர் அந்த மன்னிப்பைத் தன் வாயால் தர வேண்டும். அவர்களாகத் தராவிட்டால் அது மறுமைக்கும் கடனாகவே வரும். சாலையில் அலுமாரிக் கண்ணாடியின் விரிப்பை எடுத்திருந்தார்கள். ஷிஃபானா அதற்கு முன்னால் நின்று தலை சீவிக்கொண்டிருந்தாள். தழும்புகள் மங்கியிருந்தன. நிறம் முழுதாக இறங்கவில்லை.

சனூஸா அழுதார், ஏசினார், பிறகு தேத்தண்ணி ஊற்றினார். என் பங்கை ஹலாலாக்கிவிட்டேன் என்றார். சுஹைரா ஷிஃபானாவின் பக்கம் திரும்பினாள். தாயிடம் கேட்டதையே அவளிடமும் கேட்டாள். 

ஷிஃபானா கண்ணாடிக்குள்ளேயே அவளைப் பார்த்தாள். கீழ் உதட்டுக்குப் பக்கத்தில், முன்பு இல்லாத ஒரு புள்ளி இருந்தது. கடுகு அளவுதான். அதில் விரலை வைத்துக்கொண்டு, பழைய பழக்கமோ என்னவோ, மெல்ல ஒரு கொட்டாவி விட்டாள்.

“மத்ததெல்லாம் தந்துட்டன் ராத்தா,” என்றாள். “இது இன்னம் இல்ல.”